ஒரு மார்க்குக்கும் ஒரு கையெழுத்துக்கும் நடுவே

சி.ஏ. தேர்வு எழுதியவர்கள் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் என்ன நடக்கிறது? அந்தக் காத்திருப்பின் பாரத்தைக் குறைக்க நிறுவனமும் அலுவலகமும் வீடும் என்ன செய்யலாம்?

ஜூலை பிறந்துவிட்டால் ஆடிட்டர் அலுவலகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்கள் படிவம் 16-ஐ மேஜையில் வைத்துவிட்டு, "இந்தத் தடவை ரீஃபண்ட் வருமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வங்கி வட்டியை 26ஏஎஸ் வரிப் பட்டியலுடன் ஒத்துப்பார்க்கும், ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி முடித்து அங்கேயே வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கை வேலையில் இருக்கும், மனசு செல்போனில் இருக்கும். மே மாதம் எழுதிய தேர்வின் முடிவு எந்த நாளும் வரலாம். வாட்ஸ்அப் குழுவில் "டேட் போட்டாச்சு" என்று ஒரு வரி வந்து விழுந்தால், அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வவுச்சர்கூட மனசில் நிற்காது.

டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று எந்தத் தொழிலானாலும், படித்தால் மட்டும் போதாது, ஓர் அமைப்பு உரிமம் தர வேண்டும். அந்த உரிமத்துக்கு முன்னால் ஒரு தேர்வு, தேர்வுக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு. சட்டப் பட்டம் வாங்கியவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வு. 2024 டிசம்பர் 22-இல் அதை எழுதியவர்களுக்கு முடிவு வந்தது 2025 மார்ச் 21-இல். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்களுக்கு எஃப்.எம்.ஜி.இ. தேர்வு. அதில் 300-க்கு 150 எடுத்தால்தான் இங்கே அடுத்த அடி வைக்க முடியும். ஆனால் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் வருடக்கணக்கில், திரும்பத் திரும்ப ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அதிகம் அறிந்தவர்கள் சி.ஏ. படிக்கிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும்தான்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ரேங்க் வாங்கியவர்களின் படம் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. தேர்ச்சி சதவீதம் செய்தியாகிறது. தேர்வு முடிந்த மாலையிலிருந்து ரிசல்ட் வரும் மாலை வரை பல்லாயிரம் இளைஞர்கள் என்ன ஆகிறார்கள் என்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

மூன்று படி, மூன்று காத்திருப்பு

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், அதாவது ஐ.சி.ஏ.ஐ., 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதே ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கப்பட்டது. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, தேறியவர்களை உறுப்பினராக்குவது, தவறு செய்தால் நடவடிக்கை எடுப்பது எல்லாம் இந்த ஒரே அமைப்புதான். ஆகவே மாணவருக்கு நல்லதோ கெட்டதோ, எந்தச் சேதியும் வர வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு முதல் படி ஃபவுண்டேஷன்: நான்கு தாள். அடுத்தது இன்டர்மீடியட்: மூன்று மூன்று தாளாக இரண்டு குரூப். கடைசிப் படியான ஃபைனலுக்கும் அதேபோல் இரண்டு குரூப், ஆறு தாள். இன்டருக்கும் ஃபைனலுக்கும் நடுவே ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் மூன்று வருடப் பயிற்சி இரண்டு வருடமாகக் குறைந்தது, இரண்டு குரூப்பிலும் எட்டுத் தாளாக இருந்தது ஆறாகக் குறைந்தது.

ஒவ்வொரு படியிலும் காத்திருப்பின் கனம் வேறு. ஃபவுண்டேஷன் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவருக்குப் பதினெட்டு வயது. கையில் பி.காம். சேர்க்கை இருக்கும், வராவிட்டால் வேறு வழி இருக்கிறது என்ற தைரியமும் இருக்கும். இன்டரில் நிலைமை மாறுகிறது. புதிய திட்டப்படி இன்டரின் இரண்டு குரூப்பும் தேறினால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் ஆனால்தான் ஃபைனல் எழுத முடியும். ஆக, இன்டரில் ஒரு அட்டெம்ப்ட் தள்ளிப்போனால் பயிற்சி தள்ளிப்போகும், பயிற்சி தள்ளிப்போனால் ஃபைனல் தள்ளிப்போகும். இருபது வயதில் வரும் அந்த ஒரு ரிசல்ட், இருபத்துமூன்று வயது வரையிலான காலண்டரை எழுதிவிடுகிறது.

ஃபைனல் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் நிலை இன்னும் கடினம். பயிற்சி முடிந்துவிட்டது. மாதாமாதம் வந்த சில ஆயிரம் ரூபாய் ஸ்டைபெண்டும் நின்றுவிட்டது. கல்லூரித் தோழர்கள் வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். வங்கி ஆடிட், ஸ்டாக் ஆடிட், வரித் தணிக்கை என்று ஒரு ஆடிட்டர் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இவர் கையால் செய்து பழகியவர். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட இவருக்கு உரிமை இல்லை. தேர்வில் தேறி, உறுப்பினராகப் பதிவு செய்து எண் வாங்கி, தொழில் நடத்துவதற்கான சான்றிதழும் பெற்றால்தான் சட்டப்படி அந்தக் கையெழுத்து செல்லும். 2019 முதல் அப்படிக் கையெழுத்திடும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண்ணும் எடுக்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கும் உரிமம் உள்ளவருக்கும் நடுவே நிற்பது அந்த ஒரு ரிசல்ட்தான்.

39-உம் 149-உம்

சி.ஏ. ரிசல்ட் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது என்பது அதன் தேர்ச்சி விதியைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு தாளிலும் 100-க்கு 40 எடுக்க வேண்டும். அது மட்டும் போதாது, குரூப்பின் மொத்தத்திலும் பாதி வர வேண்டும். மூன்று தாள், 300 மார்க், 150 வேண்டும். மாணவர்கள் இதை 'அக்ரிகேட்' என்பார்கள். எந்தத் தாளிலாவது 60 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அதற்கு 'எக்ஸெம்ப்ஷன்' கிடைக்கும். குரூப் போனாலும் அடுத்த மூன்று தேர்வுகளில் அந்தத் தாளை எழுத வேண்டாம், வாங்கிய மார்க்கும் கணக்கில் நிற்கும்.

இப்போது இரண்டு மார்க் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவருக்கு 71, 64, 39. மொத்தம் 174. தேவைக்கு மேல் 24 மார்க் இருந்தும் ஒரு தாளில் ஒரு மார்க் குறைந்ததால் குரூப் போய்விட்டது. ஆனால் இரண்டு தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் இருக்கிறது. அடுத்த முறை ஒரே தாள் எழுதி 40 எடுத்தால் போதும்.

இன்னொருவருக்கு 52, 49, 48. மூன்று தாளிலும் தேறிவிட்டார். மொத்தம் 149. ஒரு மார்க் குறைவு. எதிலும் 60 இல்லாததால் எக்ஸெம்ப்ஷனும் இல்லை. மூன்று தாளையும் முதல் வரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும். எந்தத் தாளிலும் தோற்காதவருக்குத்தான் தண்டனை அதிகம். "அக்ரிகேட்ல போச்சு" என்று இவர்கள் சொல்லும்போது குரல் உடைவது இதனால்தான். எந்தப் பாடத்தில் தவறு செய்தோம் என்று கைகாட்டக்கூட ஒன்றும் இருக்காது.

இதே விதியில் ஒரு நல்ல கதவும் இருக்கிறது. இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால், ஒன்றில் கூடுதலாக வந்த மார்க் இன்னொன்றின் குறையை ஈடுகட்டும். முதல் குரூப்பில் 145, இரண்டாவதில் 160 என்றால் மொத்தம் 305. எல்லாத் தாளிலும் 40 இருந்தால் இரண்டுமே தேர்ச்சி. அந்த நம்பிக்கையில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் ஆறு தாளையும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள்.

அந்த நம்பிக்கை எத்தனை பேருக்குப் பலிக்கிறது? 2024 நவம்பர் ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 30,763 பேர். இரண்டிலும் தேறியவர்கள் 4,134 பேர், அதாவது 13.44 சதவீதம். மீதமிருந்த ஒரு குரூப்பை மட்டும் எழுதித் தேறியவர்களையும் சேர்த்து, அந்த முறை நாடு முழுக்கப் புதிதாக ஆடிட்டர் ஆனவர்கள் 11,500 பேர். அதற்கு முந்தைய மே மாதத் தேர்வில் அந்த எண்ணிக்கை 20,446. 2025 மே தேர்வில் 14,247. 2024 மே மாதத்துக்கும் நவம்பருக்கும் நடுவே, ஆறு மாத இடைவெளியில், புதிய ஆடிட்டர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கிறது. காத்திருப்பவருக்கு இதில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? போன முறை சதவீதத்தை வைத்துக்கொண்டு இந்த முறையைக் கணிக்கவே முடியாது.

விடைத்தாள் போகும் வழி

கடைசித் தாள் முடிந்து ரிசல்ட் வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகிறது. 2024 மே ஃபைனல் தேர்வு அந்த மாதம் 16-இல் முடிந்தது, முடிவு ஜூலை 11-இல் வந்தது. நவம்பர் 13-இல் முடிந்த தேர்வுக்கு டிசம்பர் 26-இல் வந்தது. இப்போது விடைத்தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டுத் திருத்துபவரின் கணினித் திரைக்குப் போகின்றன. இன்டரிலும் ஃபைனலிலும் பெரும்பாலான தாள்களில் 30 மார்க் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு, அதை இயந்திரமே கூட்டிவிடும். மிச்சம் 70 மார்க் எழுத்து விடை. ஒரு கணக்கில் முதல் வரி தவறிப்போய் மற்ற வழிமுறை சரியாக இருந்தால் எவ்வளவு தரலாம், சட்டப் பிரிவின் எண்ணை எழுதாமல் கருத்தைச் சரியாக எழுதியவருக்கு எவ்வளவு தரலாம் என்று ஒரு மனிதர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகத்தான் செய்யும். அவசரப்பட்டுத் திருத்துவதைவிடப் பொறுமையாகத் திருத்துவது மாணவருக்கே நல்லது.

முடிவு வந்த பிறகு சந்தேகம் இருந்தால்? இங்கேதான் பலருக்கும் தெளிவு இல்லை. மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு கிடையாது. ஒரு மாதத்துக்குள் தாளுக்கு 100 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். எழுதிய விடைக்கு இன்னும் இரண்டு மார்க் தந்திருக்கலாமே என்று கேட்க வழியில்லை.

விடைத்தாளைக் கண்ணால் பார்க்கும் உரிமை மட்டும் வழக்காடி வந்தது. 2011 ஆகஸ்ட் 9-இல் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 2-ஆம் தேதி ஐ.சி.ஏ.ஐ. தொடர்பான வழக்கில், திருத்துபவர்களுக்குத் தரும் மாதிரி விடைகளையும் அறிவுரைகளையும் வெளியிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. 2019-இல் கம்பெனி செக்ரட்டரி நிறுவனத்தின் வழக்கில் இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. நிறுவனத்தின் விதிப்படி அதன் கட்டணத்தைக் கட்டிப் பிரதி வாங்கலாம், அல்லது தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் கட்டணத்தைக் கட்டிக் கேட்கலாம். இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன. ஐ.சி.ஏ.ஐ. விதிப்படி ஒரு தாளின் பிரதிக்கு 500 ரூபாய்.

தேறாதவர் அந்தப் பிரதியை வாங்கிப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கே நேரம் போயிற்று, எந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியும் மார்க் விழவில்லை என்பதெல்லாம் அதில் அப்படியே தெரியும். ஆனால் காலம் கைகொடுப்பதில்லை. ஜூலையில் ரிசல்ட் வந்தால் செப்டம்பரில் அடுத்த தேர்வு. ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் அதற்கான ஃபார்ம் கட்ட வேண்டும். பழைய தாளில் என்ன தவறு என்று தெரிவதற்கு முன்பே புதிய தேர்வுக்குப் பணம் கட்டியிருப்பார்.

படிக்கவா, வேண்டாமா?

2024-இலிருந்து ஃபவுண்டேஷனும் இன்டரும் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. 2025-இலிருந்து ஃபைனலும் அப்படியே என்று நிறுவனம் அறிவித்தது. முன்பு ஒரு முறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் ஆகும், இப்போது நான்கு மாதம். மாணவர்களுக்கு இது பெரிய நன்மை. கூடவே காத்திருப்பின் இயல்பும் மாறிவிட்டது.

தேர்வு எழுதி முடித்த மறுவாரமே கேள்வி வந்துவிடுகிறது: தேறியிருப்போமா, மாட்டோமா? தேறாவிட்டால் அடுத்த தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கினால்தான் ஆகும். தேறிவிட்டால் அந்தப் படிப்பு தேவையே இல்லை. புத்தகத்தை எடுத்தால் 'அப்போ நமக்கே நம்பிக்கை இல்லையா' என்று மனசு சுணங்கும். எடுக்காவிட்டால் 'நாள் வீணாகப் போகிறதே' என்று அரிக்கும். டெலிகிராம் குழுக்களில் ஒவ்வொருவரும் ஒரு விடைப்பட்டியல் போடுவார்கள். அதை வைத்து மார்க் கூட்டிப் பார்த்தால் காலையில் 54 வரும், மாலையில் 46 வரும். இன்டர்கம்பெனி இருப்பை நீக்காமல் விட்டோமா, ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவைத் தவறாகக் கழித்தோமா என்று நடுராத்திரியில் ஞாபகம் வரும்.

சில நேரங்களில் நாட்டு நடப்பும் சேர்ந்துகொள்கிறது. 2020 மே தேர்வு கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ரத்தாகி நவம்பர் தேர்வோடு சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் எழுந்தபோது மிச்சமிருந்த தாள்கள் நிறுத்தப்பட்டு அதே மாதம் 16 முதல் 24 வரை நடந்தன. பாதித் தேர்வு எழுதிவிட்டு, மீதி எப்போது என்று தெரியாமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அப்போது நாடெங்கும் இருந்தார்கள்.

ரிசல்ட் நாளில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். இணையதளத்தில் பதிவு எண்ணும் தேர்வு எண்ணும் போட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுங்கும் விரலால் ஓர் இலக்கம் மாறி அழுத்திவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டும். பலர் தங்கள் எண்ணை நண்பரிடம் கொடுத்து, "நீ பார்த்துச் சொல்லுடா" என்று போனை வைத்துவிடுவார்கள். அப்பா பக்கத்து அறையில் டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார், சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருப்பார். பக்கம் திறந்ததும் கண் முதலில் தேடுவது மார்க்கை இல்லை. ஒவ்வொரு குரூப்புக்கும் நேரே இருக்கும் அந்த ஒரு சொல்லைத்தான்.

சிவபோகம் காத்திருந்தார்

இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு நெடிய காத்திருப்பு சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. ஆர். சிவபோகம் 1907-இல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஐ.சி.ஏ.ஐ. பிறப்பதற்கு முந்தைய அந்த நாட்களில் கணக்காளர் ஆக வேண்டுமென்றால் ஜி.டி.ஏ. என்ற அரசு கணக்கியல் டிப்ளமோ படிக்க வேண்டும். 1933-இல் சிவபோகம் அதில் தேறினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவர்தான்.

தேறியும் தொழில் செய்ய விடவில்லை. சிறைத் தண்டனை அனுபவித்தவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கிலேய அரசின் விதி குறுக்கே நின்றது. தேர்வு அவருடைய அறிவுக்குச் சான்று கொடுத்துவிட்டது, அரசு அவருடைய கையெழுத்துக்கு உரிமம் தர மறுத்தது. சிவபோகம் சும்மா இருக்கவில்லை. அரசை எதிர்த்து வழக்குத் தொடுத்தார், வென்றார். 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, ஐ.சி.ஏ.ஐ.யின் தென்மண்டலக் குழுவுக்கே தலைவராக இருந்தார்.

தேறிய நாளுக்கும் தொழில் தொடங்கிய நாளுக்கும் இடையே சிவபோகத்துக்கு நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் அவர் அறிவில் குறைந்தவராக இருக்கவில்லை. உரிமம் கைக்கு வராததால் ஒருவருடைய திறமை இல்லாமல் போய்விடாது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இன்றைக்கு 149 மார்க்கில் நிற்கும் பெண்ணும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவளுக்கு மாப்பிள்ளை தேடும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை என்று சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணுக்கு 'இன்னொரு அட்டெம்ப்ட் பார்க்கட்டும்' என்று சொல்லும் பல வீடுகள், பெண்ணுக்கு 'எவ்வளவு நாள்தான் படிப்பே?' என்று கேட்கின்றன. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அதே வாரத்தில் ஜாதகமும் வெளியே போய்விடுகிறது. தேறினால் ஒரு வாழ்க்கை, தேறாவிட்டால் வேறொரு வாழ்க்கை என்று அவள் எதிர்காலத்தை ஒரு மாலை நேரத்தில் கட்டிப்போடுகிறோம். இது அநியாயம்.

"ரிசல்ட் என்னாச்சு?"

காத்திருப்பவரை மிகவும் வாட்டுவது இந்தக் கேள்விதான். கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சித்தப்பா அக்கறையாகக் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா பிரியமாகக் கேட்பார், கோயிலில் பார்க்கும் மாமா மறந்துபோய் மூன்றாவது முறை கேட்பார். பதில் சொல்கிறவருக்குத்தான் ஒவ்வொரு முறையும் தேர்வறைக்குத் திரும்பப் போய் வந்த களைப்பு. அதனால்தான் பலர் ரிசல்ட் மாதத்தில் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை.

தேறாத பிள்ளைக்கு வீட்டில் இரண்டு விதமான வரவேற்பு கிடைக்கிறது. ஒன்று, கணக்குக் கேட்பது: இத்தனை லட்சம் கோச்சிங்குக்குக் கட்டினோமே, அவன் பாஸ் பண்ணிட்டானே, நீ என்ன பண்ணே? இன்னொன்று, அழுத்தமான மௌனம். முதலாவது புண்படுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் அதே அளவு புண்படுத்தும். யாரும் திட்டாத வீட்டில், எல்லோரும் மெதுவாக நடக்கும் வீட்டில், தோற்றவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது. "சாப்பிட்டியா? வா, வெளியே போய்ட்டு வரலாம்" என்று சொல்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அதைக்கூடச் சொல்ல ஆளில்லாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சோம்பலோ கோழைத்தனமோ இல்லை. உதவி தேவைப்படும் நிலை. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. ரிசல்ட் தேதி வந்ததுமே இந்த எண்களை வீட்டில் எல்லோரும் செல்போனில் பதிந்து வைப்பது நல்லது.

யார் என்ன செய்யலாம்?

முதலில் நிறுவனம். தேர்வுத் தேதியைப் பல மாதம் முன்பே அறிவிக்க முடிகிற ஓர் அமைப்பால், ரிசல்ட் தேதியையும் அப்போதே அறிவிக்க முடியும். இப்போது ரிசல்ட் தேதி சில நாள் முன்புதான் உறுதியாகிறது. அதுவரை வதந்திதான். 'இந்த வெள்ளிக்கிழமையாம்', 'இல்லை, அடுத்த வாரமாம்' என்று ஒவ்வொரு வதந்திக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் தூக்கம் போகிறது. எட்டு வாரம் ஆகும் என்றால் எட்டு வாரம் என்றே சொல்லட்டும். தெரிந்த தேதிக்குக் காத்திருப்பது வேறு, தெரியாத தேதிக்குக் காத்திருப்பது வேறு. முதலாவதில் மனிதர் தன் நாட்களைத் திட்டமிட முடியும்.

இரண்டாவது, விடைத்தாள். இப்போது தாள்கள் திருத்தப்படுவதே கணினித் திரையில்தான். ஸ்கேன் செய்த பிரதி ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கிறது. ரிசல்ட் அன்றே, தேறாதவருக்கு மட்டுமாவது, அவருடைய விடைத்தாளை அவர் கணக்கில் இலவசமாகத் திறந்துவிட்டால் என்ன? அடுத்த ஃபார்ம் கட்டுவதற்கு முன்பே தன் தவறு அவருக்குத் தெரியும். எந்தத் தாளை எழுதுவது, எந்தக் குரூப்பை விட்டுவைப்பது என்று அறிந்து முடிவெடுப்பார். தரத்தில் ஒரு மார்க்கும் குறைக்க வேண்டியதில்லை. கடினமான தேர்வு கடினமாகவே இருக்கட்டும், ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்வது மட்டும் எளிதாகட்டும்.

அடுத்து, ஆர்ட்டிகிள்ஸ் வைத்திருக்கும் ஆடிட்டர்கள். இவர்களில் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் இதே ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள். தங்களில் பலரும் ஒரே முறையில் தேறவில்லை என்பதை அவர்கள் அலுவலகத்தில் சத்தமாகச் சொன்னாலே பாதி பாரம் இறங்கும். தேறியவருக்குக் கேக் வெட்டும் அதே நாளில், தேறாதவரைத் தனியே கூப்பிட்டு, "திங்கட்கிழமை அந்த வங்கி ஆடிட்டுக்கு நீதான் லீட்" என்று சொல்லும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நேற்றுவரை செய்த வேலையின் தரம் ஒரு மாலையில் குறைந்துவிடவில்லை என்பதை அதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

வீட்டார் செய்ய வேண்டியது எளிது. தேர்வு முடிந்த அன்றே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்: தேறினால் அடுத்து என்ன, தேறாவிட்டால் இன்னும் எத்தனை முறை, அதுவரை வருமானத்துக்கு என்ன வழி. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்தவருக்குக் கணக்கு, வரி, உள்தணிக்கைத் துறைகளில் இன்றே வேலை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே ஃபைனல் எழுதுகிறவர்கள் ஏராளம். இந்தப் பேச்சை ரிசல்ட் அன்று வைத்துக்கொண்டால் அது விசாரணையாகிவிடும். முன்பே பேசிவிட்டால் ரிசல்ட் எப்படி வந்தாலும் மறுநாள் காலையில் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். இந்த ஆறிலிருந்து எட்டு வாரத்தை அடுத்த தேர்வுக்கும் முழுக்கக் கொடுக்க வேண்டாம், கவலைக்கும் முழுக்கக் கொடுக்க வேண்டாம். எக்ஸெல், டேலி, டேட்டா அனலிட்டிக்ஸ், நல்ல ஆங்கிலத்திலோ நல்ல தமிழிலோ ஒரு அறிக்கை எழுதும் பழக்கம் என்று தேறினாலும் தேறாவிட்டாலும் கூடவே வருவது எதுவோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் தேர்வுக்காக ஒதுக்கி வைத்த நண்பர்களையும் உறவுகளையும் போய்ப் பாருங்கள்.

ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்கிறவர், ஆதாரம் இல்லாமல் எந்தத் தொகையையும் ஏற்பதில்லை. மூன்று மணி நேரத் தாளில் வந்த ஓர் எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் அறிவையும் உழைப்பையும் குணத்தையும் மதிப்பிடுவதற்கும் ஆதாரம் போதாது. அந்த எண் சொல்வது ஒன்றுதான்: இந்த முறை உரிமம் உண்டா, இல்லையா. அதற்கு மேல் எதையும் அதில் ஏற்றிப் படிக்காதீர்கள். அடுத்த ரிசல்ட் வருவதற்குள் இந்த ஒன்றையாவது நம் வீடுகளும் அலுவலகங்களும் முடிவு செய்துகொண்டால், தேர்ச்சி சதவீதம் எவ்வளவாக இருந்தாலும் நம் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.